ஸ்விங் கீல் ஆட்டம் கண்டால்: புதுச்சேரியில் நாமே கழற்றி மாட்டுவது எப்படி

நங்கூரத்தில் நிற்கும் படகுக்கு அடியில் அலைக்கு ஒருமுறை ‘டொக்’ என்று இரும்பு முட்டும் சத்தம் கேட்டால், பெரும்பாலும் ஸ்விங் கீலின் தகட்டில், அதாவது படகின் அடியில் தொங்கி, மேலே மடங்கும் கனத்த இரும்புத் தகட்டில், கோளாறு இருக்காது. அது தொங்கும் பின்னும் (குறுக்கு ஆணி), அந்தப் பின் நுழையும் ஓட்டையும் தேய்ந்திருக்கும். கீல் பழுது என்று இறங்குபவர்கள் பலர் துருவைப் பார்த்ததும் அதிலேயே மாட்டிக்கொண்டு, தகட்டைச் சுரண்டி, பெயின்ட் அடித்து, பளபளவென்று திரும்ப மாட்டிவிடுகிறார்கள். அடுத்த சீசனில் அதே ‘டொக்’. துரு பார்க்க அசிங்கம், அவ்வளவுதான். ஆபத்து பின்னில் இருக்கிறது. இந்த வேலையில் பாதிக் கவனத்தை அந்த ஒரு அங்குல ஓட்டைக்குக் கொடுங்கள், மிச்சத்தை மற்றதற்கெல்லாம் பிரித்துக்கொள்ளலாம்.

நான் சொல்வது 20 முதல் 25 அடி வரையிலான ஃபைபர் பாய்ப்படகு. உதாரணத்துக்கு 1969-இல் அமெரிக்காவில் வந்த கேட்டலினா 22: வார்ப்பிரும்புக் கீல் சுமார் 250 கிலோ, கீழே இறக்கினால் ஒன்றரை மீட்டர் ஆழம் வேண்டும், தூக்கிவிட்டால் 60 சென்டிமீட்டர் போதும். நம் கரைக்கு இந்த வகைதான் தோது. தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணல் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் வந்து சேர்ந்துகொண்டே இருக்கும், கடலூர் முதுநகர் பக்கமும் மணல் திட்டுத் தொல்லை உண்டு, நிலையான ஆழக் கீல் வைத்த படகை வைத்துக்கொண்டு இங்கே உள்ளே வெளியே போவது பெரும்பாடு. ஆனால் அதே மணல்தான் கீலின் எமனும். தரையில் ஒவ்வொரு முறை இடிக்கும்போதும் அந்த அடி முழுக்க வந்து விழுவது பின் மேல்.

வெளிநாட்டுக் கையேடுகளில் ஒரு சுலப வழி எழுதியிருப்பார்கள்: ஓதத்தில் கடல்நீர் ஏறும்போது படகைக் கரையோரம் கொண்டுபோய்விட்டு, வற்றியதும் அடியில் வேலை பாருங்கள் என்று. இங்கே அது நடக்காது. அமாவாசை, பௌர்ணமியில்கூட நம் ஓதம் ஒரு மீட்டரைத் தொடாது. படகைக் கரையேற்றித்தான் ஆகவேண்டும்.

எப்போது ஏற்றுவது என்பதில் ஒரு கணக்கு இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அந்த நேரத்தில் விசைப்படகுகள் எல்லாம் பராமரிப்புக்கு ஏறி நிற்கும், வெல்டர், ஃபைபர் வேலைக்காரர், கிரேன் எதுவும் நம் கைக்குச் சிக்காது. தடை முடிந்து படகுகள் கடலுக்குப் போனபின், ஜூன் கடைசி முதல் ஆகஸ்ட் வரை இடமும் ஆளும் கிடைக்கும். காலையில் மேற்கிலிருந்து அடிக்கும் கச்சான் காற்று உலர்ந்த காற்று, பெயின்ட் வேலைக்கு வரம். ஐப்பசி பிறந்து வடகிழக்குப் பருவமழை வந்துவிட்டால் இரும்பு ஒரு மணி நேரம்கூடக் காயாது, அதற்கு முன்னால் முடித்துவிடுங்கள்.

முதலில் எது தேய்ந்தது என்று பாருங்கள்

படகைக் கரையேற்றித் தாங்கு கொடுத்தபின், கீலைச் சற்றே இறக்கி நுனியைப் பிடித்துப் பக்கவாட்டில் தள்ளிப் பாருங்கள். பின் இருக்குமிடத்தில் ஒன்றிரண்டு மி.மீ. ஆட்டம் இருந்தாலே நுனியில் சில சென்டிமீட்டர் ஆடும். கொஞ்சம் ஆட்டம் எல்லாப் படகிலும் இருக்கும், பயப்பட வேண்டாம். தள்ளும்போது வழுவழுவென்று நகராமல் ஒரு இடத்தில் ‘டக்’கென்று விழுந்தால்தான் ஓட்டை கோழிமுட்டை வடிவத்துக்குப் போயிருக்கிறது என்று அர்த்தம்.

கீலைத் தூக்கி இறக்கும் கம்பிவடத்தையும் பாருங்கள். ஒரு துணியால் பிடித்து நீளவாக்கில் உருவினால் அறுந்த இழை துணியில் மாட்டும். வெறுங்கையால் உருவாதீர்கள், உள்ளங்கையைக் கிழித்துவிடும். கீல் இறங்கவே மாட்டேன் என்கிறதா? கீல் மடங்கி ஏறும் கூட்டுக்குள் கொட்டலசு, ஆளி மாதிரி ஒட்டி வளரும் கடல் உயிரிகள் அடைத்துக்கொண்டிருக்கும். தட்டையான மரச்சட்டத்தை மேலிருந்து விட்டு இடித்தால் பாதி விழும், மீதியைக் கீல் கழன்றபின் பார்த்துக்கொள்ளலாம்.

கழற்றுவது

இந்தக் கட்டத்தில்தான் ஆளுக்கு அடிபடும். கால் டன் இரும்பு, அதுவும் தட்டையாக இல்லாமல் விளிம்பில் நிற்கும், ஒரு பக்கம் சாய்ந்தால் காலை எடுக்க நேரம் இருக்காது.

படகின் அடிப்பகுதிக்கும் தரைக்கும் இடையில் கீலின் அகலத்தைவிட அரை அடி அதிகமாக இடைவெளி வேண்டும். கனமான மரக்கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கிப் படகை முன்னும் பின்னும் தாங்கவிடுங்கள், பக்கவாட்டில் சாயாமல் இருக்கச் சவுக்குக் கழிகளை முட்டுக் கொடுங்கள். சவுக்கு நம் ஊரில் எங்கும் கிடைக்கும். தகர டிரம்மை வைத்துத் தாங்குவதைப் பார்த்திருக்கிறேன், செய்யாதீர்கள், நசுங்கும்போது அது சொல்லிவிட்டு நசுங்காது. செயின் பிளாக்கில் மட்டும் தொங்கும் படகுக்கு அடியில் யாரும் போகவே கூடாது, நிமிஷ வேலை என்றாலும்.

கீலை முழுக்க மேலே தூக்கிய நிலையில், அதன் அடிவிளிம்பு உட்காரும்படி நடுவில் பள்ளம் வைத்த ஒரு மரத்தொட்டில் செய்து, லாரி ஜாக்கி இரண்டின் மேல் வையுங்கள், பின் மாட்டியிருக்கும் முன்பக்கம் ஒன்று, வால் பக்கம் ஒன்று. ஜாக்கியை ஏற்றி வடம் லேசாகத் தளரும்வரை வந்துவிட்டால் எடை முழுவதும் தொட்டிலுக்கு வந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் வடத்தைக் கழற்ற வேண்டும்.

பின் இரண்டு விதமாக இருக்கும். சில படகில் பின்னைப் பிடித்திருக்கும் இரண்டு வார்ப்புத் துண்டுகள் படகின் அடியில் போல்ட் போட்டு மாட்டியிருக்கும், போல்ட்டைக் கழற்றினால் கீல், பின், துண்டுகள் எல்லாம் சேர்ந்து இறங்கும். வேறு சில படகில் அந்தப் பின், கூட்டின் இரு சுவரையும் குறுக்கே துளைத்துப் போகும், ஒரு பக்கத்து மூடியைக் கழற்றி, பின்னைவிடச் சற்று மெல்லிய மரக்கோலை வைத்து மறுபக்கம் தட்டி எடுக்க வேண்டும். எதுவானாலும் முந்தின நாளே துரு இளக்கும் எண்ணெய் அடித்து ஊறவிடுங்கள். மறுநாளும் அசையவில்லையா, ஹீட் கன் காட்டுங்கள். கேஸ் வெல்டர் வைத்துச் சூடாக்காதீர்கள், சுற்றியிருப்பது ஃபைபர், பிசின் கருகிவிட்டால் போல்ட் பிடிக்கும் இடமே போய்விடும்.

இறக்கும்போது முன் ஜாக்கியை இரண்டு விரல் அளவு, வால் பக்க ஜாக்கியை இரண்டு விரல் அளவு என்று மாற்றி மாற்றி இறக்குங்கள். இருபுறமும் ஆப்புக்கட்டை வைக்க ஓர் ஆள், ஜாக்கிக்கு ஓர் ஆள், பார்த்துச் சொல்ல ஓர் ஆள். தனியாகச் செய்யும் வேலை இல்லை இது.

ஓட்டை

கீல் வெளியே வந்ததும் எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்று நன்றாகப் பாருங்கள். கீல்தான் பின்னில் தொங்குகிறது, அதனால் ஓட்டையின் மேல் பாதிதான் தேயும். கீழ்ப்பாதி கிட்டத்தட்டத் தயாரிப்பாளர் போட்ட வட்டமாகவே இருக்கும். இது ஏன் முக்கியம் என்றால், புது ஓட்டைக்கான மையத்தை நீங்கள் அந்தக் கீழ்ப்பாதியிலிருந்துதான் எடுக்க வேண்டும். முட்டை வடிவத்தின் நடுவில் குறித்தால் கீல் முழுவதும் ஒன்றிரண்டு மி.மீ. இடம் மாறி உட்காரும், அப்புறம் தூக்கும்போது கூட்டின் வாயில் இடிக்கும். பின்னிலும் அதே கதைதான், கடையாணி தேய்ந்த மாட்டு வண்டி மாதிரி மேல்பக்கம் மட்டும் பள்ளம் விழுந்திருக்கும். வெர்னியர் வைத்து மூன்று திசையில் அளந்து எழுதிவையுங்கள்.

இனி லேத் பட்டறைக்குப் போகவேண்டும், தேய்ந்த ஓட்டையைப் பெரிதாகக் குடைந்து (இதுதான் போர்), உள்ளே புஷ் என்ற உருளை வளையத்தைச் செருக. தட்டாஞ்சாவடி, மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைகளில் ரேடியல் டிரில் வைத்திருக்கும் பட்டறையாகப் பாருங்கள். கீலைக் குட்டியானையில் ஏற்றிக் கொண்டுபோய்விடலாம். பட்டறையில் முதல் யோசனை எப்போதும் ஒன்றுதான் வரும்.

“இதுக்கு எதுக்கு சார் புஷ்ஷு? ஓட்டைய வெல்டு வெச்சு அடைச்சுட்டு, புதுசா டிரில் போட்டுடலாம். சாயங்காலம் எடுத்துட்டுப் போயிடலாம்.”

“அண்ணே, இது வார்ப்பிரும்பு. சாதா ராடு போட்டா ஓரத்துல விரிசல் விடும். 32 எம்எம் போர் மட்டும் பண்ணிக் குடுங்க, புஷ்ஷ நான் பாத்துக்கறேன்.”

இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். வார்ப்பிரும்பில் கார்பன் அதிகம். சாதாரண ராடில் வெல்டு வைத்தால், ஆறும்போது வெல்டை ஒட்டிய இடம் கண்ணாடி போல இறுகி வெடிக்கும். நிக்கல் ராடு, முன்கூட்டிச் சூடாக்குதல், மெதுவாக ஆறவிடுதல் என்று முறையாகச் செய்தால் முடியும், ஆனால் அதைச் செய்யும் பொறுமை எல்லாப் பட்டறைக்கும் கிடையாது, நமக்கும் இந்த வேலைக்கு அது தேவையில்லை. உங்கள் கீல் வார்ப்பா, சாதா இரும்புத் தகடா என்று சந்தேகமாக இருந்தால் ஒரு மூலையில் கிரைண்டர் வையுங்கள். வார்ப்பில் பொறி சிவப்பாக, குட்டையாக விழுந்து அணைந்துவிடும். சாதா இரும்பில் நீளமாக மஞ்சளாகப் பறக்கும். டிரில் போடும்போதும் வார்ப்பு தூளாக உதிரும், இரும்பு சுருள் சுருளாக வரும்.

25 மி.மீ. பின் என்றால் 32 மி.மீ. போர், உள்ளே 3.5 மி.மீ. கனத்தில் புஷ். போர் தகட்டுக்குச் செங்குத்தாக இருக்கவேண்டும், கை டிரில்லில் அது வராது. கீலைக் கொண்டுபோக வழியே இல்லை என்றால் இன்னொரு முறை உண்டு: ஓட்டையைக் கிரைண்டரால் எல்லாப் பக்கமும் பெரிதாக்கிச் சொரசொரப்பாக விட்டு, புஷ்ஷை ஒரு பிளைவுட் சட்டத்தில் சரியான மையத்தில், நேராக நிறுத்தி, சுற்றியுள்ள இடைவெளியை நறுக்கிய கண்ணாடி இழை கலந்த எபாக்ஸி பிசினால் நிரப்புவது. கேட்க அரைகுறை வேலை மாதிரி இருக்கும், ஒழுங்காகச் செய்தால் நன்றாகவே நிற்கும். எபாக்ஸி ஒட்டக்கூடாத இடத்திலெல்லாம், முக்கியமாகப் புஷ்ஷின் உட்புறத்திலும் சட்டத்திலும், மெழுகு தடவ மறக்கவேண்டாம்.

பின், புஷ் எதில் செய்வது? பித்தளை வேண்டவே வேண்டாம். கடல்நீர் அதிலிருக்கும் துத்தநாகத்தைத் தின்றுவிடும், பார்க்க முழுசாக இருக்கும், சுத்தியலால் தட்டினால் உடையும். சில கடைகளில் பித்தளையையே கன்மெட்டல் (செம்பும் வெள்ளீயமும் கலந்த பிரான்ஸ் வகை) என்று தருவார்கள், புதுவெட்டு முகத்தைப் பாருங்கள், கன்மெட்டல் செம்பின் சிவப்பு தட்டும், பித்தளை பளீர் மஞ்சள். எஸ்.எஸ். 316 (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வகை) நல்லதுதான், ஆனால் காற்றோட்டமில்லாத இறுக்கமான ஈர இடத்தில் அதிலும் குழிகுழியாக அரிக்கும், பின் இருப்பது சரியாக அப்படிப்பட்ட இடம். என் தேர்வு பாஸ்பர் பிரான்ஸ் பின், டெல்ரின் என்ற கெட்டிப் பிளாஸ்டிக்கில் புஷ். பிரான்ஸும் இரும்பும் உப்புத் தண்ணீரில் நேராகத் தொட்டால் இரும்புதான் கரையும், நடுவில் பிளாஸ்டிக் புஷ் நின்றால் அந்தச் சண்டையே இல்லை. நைலானிலும் செய்யலாம், ஆனால் நைலான் தண்ணீர் குடித்து உப்பும், பின்னுக்கும் புஷ்ஷுக்கும் நடுவில் அரை மி.மீ. விடாவிட்டால் ஒரு மாதத்தில் பின் இறுகிவிடும். டெல்ரின் அவ்வளவு உப்பாது, 0.3 மி.மீ. போதும்.

தகடு

சாண்ட் பிளாஸ்டிங் கிடைத்தால் அதற்கே கொடுத்துவிடுங்கள். கிடைக்காவிட்டால் சிப்பிங் சுத்தியல், அப்புறம் கிரைண்டரில் கம்பி பிரஷ். பழைய ஆன்டிஃபவுலிங் பெயின்ட் (கடல் உயிரிகள் ஒட்டாமலிருக்கப் பூசுவது) தூள் விஷம், கைக்குட்டையை முகத்தில் கட்டிக்கொள்வது முகமூடி ஆகாது, நல்ல மாஸ்க் போடுங்கள். துரு போனபின் நல்ல தண்ணீரால் பலமுறை கழுவுங்கள், குழிக்குள் உப்பு மிச்சமிருந்தால் மேலே எவ்வளவு விலையுயர்ந்த பெயின்ட் அடித்தாலும் கொப்புளம் போடும்.

கழுவிக் காயவைத்த வார்ப்பிரும்பு நம் கடற்காற்றில் மதியத்துக்குள் ஆரஞ்சு நிறமாகிவிடும். எனவே காலை ஒன்பது மணிக்குப் பனி ஈரம் போனதும் கடைசியாக ஒரு பிரஷ் ஓட்டி, தூசி தட்டி, உடனே முதல் எபாக்ஸி பூச்சு. அந்த முதல் பூச்சை ஈரமாக இருக்கும்போதே கம்பி பிரஷ்ஷால் தேய்த்துவிடுங்கள், குழிக்குள் இறங்கும். மதியக் கடற்காற்று ஈரத்தோடு வருவதற்குள் முடித்துவிட வேண்டும்.

நம் வெயிலில் எபாக்ஸி சீக்கிரம் இறுகும். மெதுவாக இறுகும் ஹார்டனர் வாங்குங்கள், சின்னச் சின்ன அளவாகக் கலந்து, டப்பாவில் வைக்காமல் அகலத் தட்டில் ஊற்றிக்கொள்ளுங்கள். டப்பாவில் குவிந்திருந்தால் தன் சூட்டிலேயே கொதித்துப் புகைந்துவிடும். மீன்பிடி ஃபைபர் போட்டுக்குப் போடும் பாலியஸ்டர் பிசின் மலிவுதான், ஆனால் இரும்பில் அது ஒழுங்காகப் பிடிக்காது. கூட்டுக்குள் ஏதாவது சின்ன வேலைக்கு அதைப் பயன்படுத்தினால் ஒரு எச்சரிக்கை: அது இறுகச் சேர்க்கும் கோபால்ட்டையும் கேட்டலிஸ்ட்டையும் ஒருபோதும் நேரடியாகக் கலக்காதீர்கள், தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். முதலில் ஒன்றைப் பிசினில் நன்றாகக் கலந்தபிறகுதான் மற்றது.

பள்ளங்களை எபாக்ஸியில் சிலிக்கா பவுடர் கலந்து நிரப்புங்கள், கார் டிங்கர் கடைப் பட்டி வேண்டாம், தண்ணீர் உறிஞ்சும். முன்விளிம்பு உருண்டையாக, பின்விளிம்பு மெலிந்து வரும்படி தேய்த்தால் போதும், மில்லிமீட்டர் சுத்தமாக வடிவம் கொண்டுவர மெனக்கெடுவது பந்தயம் ஓடுபவர்கள் பாடு. ஆனால் நிரப்ப ஆரம்பிப்பதற்கு முன்பே கூட்டின் உள் அகலத்தை மேலே, நடுவே, கீழே அளந்துவிடுங்கள். இரு பக்கமும் குறைந்தது 4 மி.மீ. இடைவெளி வேண்டும். அழகாகத் தேய்த்து முடித்த கீல் கூட்டுக்குள் நுழையவில்லை என்றால் அதைவிடக் கடுப்பு வேறில்லை.

மொத்தம் நான்கைந்து எபாக்ஸி பூச்சு, அப்புறம்தான் ஆன்டிஃபவுலிங். பெரும்பாலான ஆன்டிஃபவுலிங்கில் செம்பு இருக்கிறது, எபாக்ஸி மெலிந்த இடத்தில் செம்பு இரும்பைத் தொட்டால் நீங்களே காசு கொடுத்துத் துரு வாங்கியது போலாகிவிடும். விசைப்படகுகளுக்கு மாட்டும், இரும்புக்குப் பதில் தான் கரையும் ஜிங்க் கட்டியில் சின்னதாக ஒன்று வாங்கி, பெயின்ட் இல்லாத வெற்று இரும்பைத் தொடும்படி கீலில் போல்ட் போடுங்கள். அதன்மேல் பெயின்ட் பூசிவிட்டால் அது வெறும் அலங்காரம்.

கீல் வெளியே இருக்கும்போதே போனில் டார்ச் போட்டுக் கூட்டின் உள்ளே வீடியோ எடுத்துப் பாருங்கள். கீல் உரசிய இடத்தில் கண்ணாடி இழை வெளியே தெரிந்தால் உலரவிட்டு இரண்டு அடுக்குத் துணியும் எபாக்ஸியும் போட்டு மூடவேண்டும். போல்ட் பிடிக்கும் மரை வழுக்கியிருந்தால் பெரிதாகத் துளைத்து, இழை கலந்த எபாக்ஸியால் நிரப்பி, இறுகியபின் புதிதாக மரை போடுங்கள்.

திரும்ப மாட்டுவது

கழற்றியதற்கு நேர் எதிர் வரிசைதான், கூடவே இரண்டு விஷயம். கீலின் இருபுறமும் பின்னில் நைலான் வாஷர் போட்டுப் பக்கவாட்டு ஆட்டத்தைக் குறையுங்கள், முழுக்க அடைக்காமல் பக்கத்துக்கு ஒரு மி.மீ. விடுங்கள், மணல் புகுந்தால் அதற்கும் இடம் வேண்டும். போல்ட்டுகளை எஸ்.எஸ். 316-இல் புதிதாகவே போடுங்கள், அடியில் பாலியூரித்தேன் சீலன்ட். முரட்டுத்தனமாக முறுக்க வேண்டாம், அது பிடித்திருப்பது ஃபைபரை.

வடத்துக்கு 5 மி.மீ., 7×19 பின்னல் (ஏழு புரி, புரிக்கு 19 இழை) கொண்ட 316 கம்பி. அதன் தாங்குதிறன் ஆயிரம் கிலோவுக்கு மேல், எடைக்கு அது தாராளம், ஆனால் வளைந்து வளைந்து ஓடும் இடத்தில்தான் அறுகிறது, ஆகவே திருப்பும் கப்பியில் பழைய வடம் அறுத்த பள்ளம் இருந்தால் கப்பியையும் மாற்றுங்கள். முனையில் திம்பிள் (வளையத்துக்குள் வைக்கும் உலோகக் காப்பு) வைத்து அழுத்திய செம்பு ஃபெரூல்தான் (வடத்தை இறுக்கும் குழாய்த்துண்டு) நல்லது. யூ கிளிப் போடுவதானால் மூன்று போடுங்கள், கிளிப்பின் சேணம் எடை தாங்கும் வடத்தின் மேலும், யூ கம்பி வெட்டுமுனைப் பக்கமும் இருக்கவேண்டும். மாற்றிப் போட்டால் யூ கம்பி எடை தாங்கும் வடத்தையே நசுக்கும்.

வடம் படகுக்குள் வரும் குழாய்க்கு இரண்டு எஸ்.எஸ். கிளிப். படகைத் தண்ணீரில் இறக்கியதும் முதலில் பார்க்கவேண்டிய இடம் இதுதான், கசிந்தால் நேராகப் படகுக்குள் வரும். வடத்தைச் சுற்றும் வின்ச்சில் கீலை இறக்கும்போது கைப்பிடியை நழுவவிட்டுவிட்டால் மறுபடி பிடிக்கப் போகாதீர்கள், சுழலும் கைப்பிடி மணிக்கட்டை உடைக்கும். கீல் தானாக விழுந்து நிற்கட்டும்.

டிரெய்லரிலோ கரையிலோ நிற்கும்போது எடை வடத்தில் தொங்கக்கூடாது, கட்டையில் உட்காரட்டும். கடலில் கீலை முழுக்க இறக்கியபின் சில படகில் பூட்டு போல்ட் இருக்கும், படகு கவிழ்ந்தால் கீல் மடங்கி உள்ளே போகாமல் இருக்க அது. வெளியே காற்று வலுவாக இருக்கும் நாளில் அதை முறுக்கிவிடுங்கள். ஆனால் முகத்துவாரம் நெருங்கும்போது மறக்காமல் தளர்த்திவிட்டுக் கீலைப் பாதி தூக்கிக்கொள்ளுங்கள், பூட்டிய கீல் மணலில் இடித்தால் மேலே மடங்க வழியில்லாமல் கூட்டையே கிழித்துவிடும்.

முதல் பத்து நாள் ஓட்டத்துக்குப் பிறகு போல்ட்டுகளை ஒருமுறை சாவி வைத்துத் தொட்டுப் பாருங்கள், எதுவும் தளர்ந்திருந்தால் இறுக்கியதோடு நிற்காமல் ஏன் தளர்ந்தது என்றும் பாருங்கள். போர் அளவு, பின் அளவு, வாஷர் கனம் மூன்றையும் பெர்மனன்ட் மார்க்கரில் வின்ச் மூடியின் உட்புறம் எழுதிவைத்துவிட்டால், அடுத்த முறை கீலைக் கழற்றுவதற்கு முன்பே பின்னையும் புஷ்ஷையும் லேத்தில் செய்து வாங்கி வைத்துக்கொள்ளலாம்.